அசையாத கருவில் நரம்பு அதிகமாமே, நிஜமா?

கேள்வி, பிப்ரவரி 4

கருவில் தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் மோட்டார் நியூரான்களில் ஏறக்குறைய பாதி, பிறப்பதற்கு முன்பே செத்துப்போகும் என்று படித்தேன். எது தசையைப் பிடித்து ஆட்டிவைக்கிறதோ அது பிழைக்கும், சும்மா கிடப்பது சாகும். உழைத்தால்தான் உயிர். அப்படியானால் கருவை முழுக்க முடக்கிப்போட்டால் எல்லா நியூரானும் செத்துவிட வேண்டும். கணக்கு சரிதானே?

பிப்ரவரி 4, இரவு 10.20

தலைகீழ். முடக்கிப்போட்டால் சாக வேண்டியவையும் பிழைத்துக்கொள்கின்றன.

கோழிக்கருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்குப் போகும் நியூரான்கள் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில், ஒரு பக்கத்தில் மட்டும், அடைவைத்த ஆறாம் நாள் வாக்கில் சுமார் 20,000 இருக்கும். பத்தாம் நாள் தாண்டி எண்ணினால் 12,000 சொச்சம். 1978இல் பிட்மன், ஓப்பன்ஹைம் இருவரும் இந்த இடைப்பட்ட நாட்களில் கருவுக்குக் கியூராரே கொடுத்தார்கள். நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காமல் செய்கிற மருந்து அது. கரு அசைவதை நிறுத்தியது, நியூரான் சாவதும் ஏறக்குறைய நின்றது. கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து எடுக்கும் பங்காரோடாக்சினைக் கொடுத்தாலும் அதே கதை. பிறகு 1982இல் ஓப்பன்ஹைம், நூன்யெஸ் இருவரும் எதிர்ப்பக்கம் போய், மின்தூண்டல் கொடுத்துக் காலை வழக்கத்தைவிட அதிகம் உதறவைத்துப் பார்த்தார்கள். சாவு கூடியது.

மீதி நாளைக்கு. கண் சொருகுகிறது.

பிப்ரவரி 5, காலை 7.05

"அப்போ சோம்பேறிக்குத்தான் காலமா அக்கா" என்று கேட்டவருக்கு: முட்டைக்குள் இருக்கும்வரை, ஆமாம்.

பிப்ரவரி 5, இரவு 9.40

நேற்று நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். தசைக்கு இதில் என்ன வேலை என்பதையே சொல்லவில்லை.

கோழிக்கருவில் மூன்றாம் நாள் வாக்கில் கால் முளைக்கும் இடத்தில் சின்ன மொட்டு ஒன்று தெரியும். அதைக் கிள்ளி எடுத்துவிட்டால், அந்தக் காலுக்குப் போயிருக்க வேண்டிய நியூரான்களில் பத்துக்கு ஒன்பது அழிந்துவிடும். எலியில் தசையே உருவாகாதபடி மரபணுவை மாற்றினாலும் (எம்ஒய்எஃப்5, மயோடி இரண்டையும் எடுத்துவிட்டால்) மோட்டார் நியூரான்கள் அநேகமாக ஒன்றுகூட மிஞ்சாது. மாறாக, கோழிக்கருவில் கூடுதலாக ஒரு கால்மொட்டை ஒட்டவைத்தால் சாவு குறைகிறது. இதை 1976இல் ஹாலிடே, ஹாம்பர்கர் இருவரும் காட்டினார்கள்.

அதாவது தசை இல்லையென்றால் நியூரான் இல்லை. தசை கூடினால் நியூரான் கூடுகிறது. ஆனால் தசை வேலை செய்தால் நியூரான் குறைகிறது. இந்த மூன்றாவதுதான் தொண்டையில் முள்.

ஹாம்பர்கர் பெயர் வந்ததால் ஒரு பழங்கதை. 1934இல் அவர் கோழிக்கருவின் இறக்கைமொட்டை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத் தண்டுவடம் சூம்பிப்போனதைக் காட்டினார். அவர் கருவியலாளர் ஸ்பெமானின் மாணவர். அந்தப் பள்ளியில் எல்லாமே தூண்டல்தான், ஒரு திசு இன்னொன்றிடம் "நீ இதுவாக ஆகு" என்று சொல்லும். அதனால் அவர் விளக்கமும் அப்படியே போனது: தசையிலிருந்து ஆணை வராததால் நியூரான் உருவாகவே இல்லை என்று. அந்தக் கட்டுரையை 1940 கோடையில் ஒரு ரயில்பெட்டியில் உட்கார்ந்து படித்தவர் ரீட்டா லெவி-மொந்தால்சினி. இத்தாலியின் இனச்சட்டத்தால் ஆய்வுக்கூடத்தை இழந்தவர். வீட்டுப் படுக்கையறையில் முட்டைகளை அடைவைத்து, தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கி, அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அவர் செய்த உருப்படியான மாற்றம் ஒன்றே ஒன்று: கடைசி நாளை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு நாளும் கருவை எடுத்துப் பார்த்தார். நியூரான்கள் உருவாகின்றன, கிளம்புகின்றன, பிறகு சாகின்றன. அவரும் அவருடைய ஆசிரியர் ஜுசெப்பே லெவியும் 1942இல் இதை வெளியிட்டார்கள்.

ஹாம்பர்கர் அவரை 1947இல் செயின்ட் லூயிஸுக்கு அழைத்துக்கொண்டார். தண்டுவட நரம்புமுடிச்சுகளில் செல்சாவு நடப்பதை இருவரும் சேர்ந்து 1949இல் எழுதினார்கள். மோட்டார் நியூரானிலும் உருவான பிறகுதான் அழிவு என்று ஹாம்பர்கர் தானே எண்ணிப்பார்த்து 1958இல் எழுதினார். தன் தவறைத் தானே தேடிப்போய்த் திருத்த 24 வருடம். நான் ஒரு லேபிளைத் திருத்த இரண்டு நாள் எடுத்துக்கொண்டதற்கே வெட்கப்பட்டேன். அந்தக் கதை அப்புறம்.

பிப்ரவரி 6, பிற்பகல் 1.30

லேபிள் கதையை உடனே கேட்கிறார்கள். முதலில் முட்டையைத் திறக்கட்டும்.

மாணவியாக இருந்தபோது இந்தச் சோதனையின் சின்னப் பதிப்பு ஒன்றை நானே செய்தேன். முட்டையைப் பக்கவாட்டில் கிடத்தி அடைவைப்போம், 38 டிகிரி. மூன்றாம் நாள் தடித்த முனையில் ஊசியால் துளையிட்டு, சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதை எடுத்தால்தான் கரு ஓட்டிலிருந்து கீழே இறங்கும். எடுக்காமல் கத்தரி வைத்தால் ஓட்டோடு ரத்தக்குழாயும் கிழியும். முதல் நாள் நான் கிழித்தவை நான்கு. பிறகு மேல்பக்கம் விரல்நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, செலோடேப் ஒட்டி மூடிவிடுவோம். டேப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், அந்த வழியாக ஈரம் போய்விடும், மறுநாள் கரு வறண்டு கிடக்கும்.

ஆறாம் நாளிலிருந்து தினமும் டேப்பைப் பிரித்து சவ்வின்மேல் மருந்துச் சொட்டு. பாதி முட்டைகளுக்குக் கியூராரே, பாதிக்கு வெறும் உப்புநீர். சொட்டு விட்டுச் சற்று நேரம் கழித்து ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து உதறலை எண்ண வேண்டும். உப்புநீர்க் கரு சும்மா இருக்காது. ஒரு குலுக்கு, நிறுத்தம், மறுபடி நாலைந்து குலுக்கு, கால் உள்ளங்கையைப்போல விரிந்து மடங்கும். இத்தனைக்கும் யாரும் அதைத் தொடவில்லை, தண்டுவடம் தானாகத் துடிக்கிறது. கியூராரே போட்டதில் இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும், மற்றபடி கண்ணாடிப் பொம்மை. நோட்டில் "முட்டை 7: 0" என்று எழுதும்போது என்னவோ போல இருந்தது.

பிப்ரவரி 6, இரவு 11.10

பத்தாம் நாள் கருவை எடுத்து, தண்டுவடத்தை மெழுகில் பதித்து, 10 மைக்ரான் சீவல்களாகச் சீவி, கிரெசைல் வயலெட் சாயம் ஏற்றி எண்ணினோம். எல்லாச் சீவலையும் எண்ண முடியாது, பத்துக்கு ஒன்று. பெரிய செல், வெளிறிய உட்கரு, அதற்குள் தெளிவான கரும்புள்ளி (நியூக்ளியோலஸ்) தெரிந்தால்தான் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் ஒரே செல்லை இரண்டு சீவலில் இரண்டு முறை எண்ணிவிடுவோம். கையில் டக் டக் என்று அடிக்கும் எண்ணி. ஒரு கருவுக்கு இரண்டு நாள். மூன்றாவது கருவில் தூங்கும்போதும் கண்ணுக்குள் ஊதாப் புள்ளி ஓடும்.

எனக்கு அப்போது, இங்கே கேள்வி கேட்ட தம்பி போட்ட அதே கணக்குதான் மனதில், உழைத்தால்தான் உயிர். ஆசிரியர் என்ன வரும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. "உப்புநீர்" லேபிள் ஒட்டிய ஸ்லைடில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வந்தது. "கியூராரே" ஸ்லைடில் ஆயிரத்து எழுநூறைத் தாண்டியது. நான் என்ன நினைத்திருப்பேன்? லேபிள் மாறிவிட்டது! சாயம் ஏற்றும்போது தட்டு கவிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் இரண்டு காகித லேபிளையும் உரித்து மாற்றி ஒட்டினேன்.

ஆசிரியர் ஸ்லைடை வாங்கினார், நோட்டை வாங்கினார். ஸ்லைடைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தார். கண்ணாடியின் ஓரத்தில் வைரப் பென்சிலால் கீறிய எண் மின்னியது: 7. நோட்டில் முட்டை 7க்கு நேரே பூஜ்யம் உதறல். காகிதத்தில் என் கையெழுத்தில் "உப்புநீர்". அவர் திட்டவில்லை. "எண்ணியது நீதானே?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 7, காலை 6.50

திருத்தம். முதல் பதிவில் "சாக வேண்டியவையும் பிழைத்துக்கொள்கின்றன" என்றேன். பிழைப்பது மருந்து இருக்கும்வரைதான். கியூராரேயை நிறுத்தி கரு மறுபடி அசையத் தொடங்கினால், மிச்சப்பட்டவை தாமதமாகச் சாகின்றன. தண்டனை தள்ளிவைக்கப்பட்டது, ரத்தாகவில்லை. எங்கள் முட்டைகளைப் பத்தாம் நாளே எடுத்துவிட்டதால் நாங்கள் பார்த்தது முன்பாதி மட்டும்.

பிப்ரவரி 7, இரவு 8.30

"பாதி செல் சாகிறதென்றால் மைக்ராஸ்கோப்பில் பிணக்காடாக அல்லவா தெரிய வேண்டும்?" நல்ல கேள்வி. தெரியாது. ரொம்ப நாள் யாரும் இதைக் கவனிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம். 8,000 செல் நான்கு நாளில் சாகிறது என்று வையுங்கள். மணிக்கு எண்பது சொச்சம். ஒரு பிணம் சுருங்கி, கறுத்து, அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எந்த நேரம் எட்டிப்பார்த்தாலும் கண்ணில் படுவது முந்நூறு வாக்கில். சுற்றிலும் பதினாறாயிரம் உயிரோடு. நூற்றுக்கு இரண்டு. நானே அந்தக் கறுப்பு உருண்டைகளைச் சாயத் துரும்பு என்று நினைத்து முதல் நாள் ஒதுக்கினேன்.

பிப்ரவரி 9, மாலை 5.15

இப்போது முள்ளுக்கு வருவோம். தசை வேலை செய்தால் ஏன் நியூரான் குறைய வேண்டும்?

இரண்டு கட்சி உண்டு. ஒன்று உற்பத்திக் கட்சி: தசை ஏதோ ஊட்டப்பொருள் சுரக்கிறது, அசைய அசைய சுரப்பு குறைகிறது. முடங்கிய தசை அதிகம் சுரக்கிறது, அதனால் எல்லோரும் பிழைக்கிறார்கள். இன்னொன்று அணுகல் கட்சி: பொருள் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொள்ள நரம்புக்குத் தசையின்மேல் கிளையும் தொடுகையும் வேண்டும். தசை அசைந்தால் கிளைவிடுவது மட்டுப்படுகிறது, பிடிக்கும் இடம் குறைகிறது. இடம் கிடைக்காதவை சாகின்றன.

நான் அணுகல் கட்சி. காரணம், டாம், லாண்ட்மெஸர் இருவரும் 1988இல் காட்டிய படம். கியூராரே போட்ட கருவின் தசைக்குள் நரம்பு கொடிபோலத் தாறுமாறாகக் கிளைத்துக் கிடக்கும். சாதாரணக் கருவில் கத்தரித்துவிட்ட வேலிபோல ஒழுங்காக இருக்கும். கிளை கூடினால் தொடுகை கூடும், தொடுகை கூடினால் பிழைப்பது கூடும். இணைப்பின் எண்ணிக்கைதான் உயிர் என்பது என் கட்சி. இதில் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 9, மாலை 5.50

"சந்தேகமே இல்லை" என்று எழுதி முடித்ததும் வயிற்றைப் பிசைகிறது. எலிகளைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 10, இரவு 10.00

எலிகள்.

நரம்பு-தசைச் சந்தி உருவாக அக்ரின் என்ற புரதம் நரம்பிலிருந்து வர வேண்டும், தசையில் மஸ்க் என்ற ஏற்பி அதைக் கேட்க வேண்டும், ராப்சின் என்ற புரதம் அசிட்டைல்கோலின் (நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிச்செய்தி) ஏற்பிகளை ஓரிடத்தில் குவிக்க வேண்டும். இதில் எதை எடுத்துவிட்டாலும் உருப்படியான சந்தி உருவாகாது. குட்டி பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் செத்துவிடும். "இணைப்புதான் உயிர்" என்ற என் கட்சிப்படி இந்த எலிக்கருக்களில் மோட்டார் நியூரான்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்க வேண்டும். 2001இல் எண்ணிப்பார்த்தார்கள். அதிகமாகப் பிழைத்திருந்தன!

ஆக, முழுமையான சந்தி பிழைப்புக்குத் தேவையே இல்லை. அந்த எலிகளிலும் நரம்பு தசை முழுக்க அலைந்து கிளைத்திருந்தது. நிற்க இடம் கிடைக்காத வழிப்போக்கன் ஊரெல்லாம் சுற்றுவதுபோல, "இங்கே நில்" என்று சொல்லும் சந்தி இல்லாததால் நரம்பு நிற்காமல் ஓடியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் அணுகல் கட்சி பிழைத்தது, ஆனால் நான் சொன்ன வடிவத்தில் அல்ல. தொடுகை வேண்டும், முதிர்ந்த சந்தி வேண்டியதில்லை. நேற்று மாலை எழுதியதில் "இணைப்பின் எண்ணிக்கை" என்ற இடத்தில் "கிளையின் எண்ணிக்கை" என்று படித்துக்கொள்ளுங்கள்.

அசிட்டைல்கோலினையே தயாரிக்க முடியாத எலிகளிலும் (சாட் மரபணு இல்லாதவை) நியூரான் கூடுதல். இது கியூராரேக்கு நேர் சகோதரன் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் வேறொரு எலி. எம்டிஜி என்று பெயர். இதில் நரம்பு சொல்கிறது, தசையின் சவ்வும் கேட்கிறது, ஆனால் கேட்டது உள்ளே போய்ச் சுருக்கமாக மாறும் இடத்தில் ஒரு கால்சியம் வாயில் பழுது. தகவல் பரிமாற்றம் சரி, அசைவு மட்டும் இல்லை. இங்கேயும் நியூரான் அதிகமாகப் பிழைக்கிறது. அப்படியென்றால் நரம்பு கேட்டுக்கொண்டிருப்பது "என் செய்தி போய்ச்சேர்ந்ததா" என்பதை அல்ல. தசை சுருங்கியதா என்பதை, அல்லது சுருங்கும்போது தசைக்குள் கால்சியம் ஏறுவதால் நடக்கும் ஏதோ ஒன்றை. உற்பத்திக் கட்சிக்காரர்கள் இந்த எலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும், ஒரு நாற்காலி போடுகிறேன்.

பிப்ரவரி 11, காலை 7.20

ஒருவர் இரண்டு விஷயத்தைக் கலக்கிறார். பிறந்த பிறகு ஒவ்வொரு தசைநாரிலும் ஒட்டியிருக்கும் பல நரம்புமுனைகளில் ஒன்று மட்டும் மிஞ்சி மற்றவை விலகும். அது கிளை விலகல், செல் சாவதில்லை. விலகிய நியூரான் வேறு நார்களில் தன் கிளைகளோடு நன்றாகவே இருக்கும். கருவில் நடப்பது ஆளே காலி.

பிப்ரவரி 14, இரவு 9.15

"தப்பான தசைக்குப் போன நியூரான்களைக் களையெடுக்கத்தான் இந்தச் சாவு" என்று ஒரு பதிவு. பாடப்புத்தகத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். கோழிக்கருவில் பார்த்தால், சாவு தொடங்கும் முன்பே ஏறக்குறைய எல்லா நியூரானும் சரியான தசையைத்தான் பிடித்திருக்கிறது. லாண்ட்மெஸர், லான்ஸ்-ஜோன்ஸ் இருவரும் 1981இல் இதை அழகாகக் காட்டினார்கள். சரியாகப் போனவற்றிலும் பாதி சாகிறது. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை என்றால் மனது ஆறும், இங்கே அது இல்லை.

பிப்ரவரி 16, மாலை 6.40

சரி, எத்தனை பிழைக்க வேண்டும் என்று தசை அளந்து வைக்கிறதா? இதில் இரண்டு சோதனை எனக்குப் பிடிக்கும், இரண்டும் ஒன்றோடொன்று முறைத்துக்கொள்ளும்.

1986இல் டனாகா, லாண்ட்மெஸர் கோழிக்கும் காடைக்கும் கால்மொட்டை மாற்றி ஒட்டினார்கள். காடையின் கால் சின்னது, கோழியின் கால் பெரிது. எந்தத் தண்டுவடம் எந்தக் காலைப் பெற்றதோ அதன் தசைநார் எண்ணிக்கைக்கு ஏற்ப நியூரான் மிஞ்சியது.

அதற்கு முன்பே 1980இல் லாம்ப் ஆப்பிரிக்க நகத்தவளையில் (ஜெனோபஸ்) வேறு வேலை செய்திருந்தார். ஒரு பின்னங்காலை எடுத்துவிட்டு, இரண்டு பக்க நரம்பும் மிச்சமிருந்த ஒரே காலுக்குள் போகும்படி செய்தார். கால் ஒன்று, வாடகைக்கு வந்தவர்கள் இரு மடங்கு. பாதிக்குப் பாதி சாக வேண்டுமே? சாகவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய வழக்கமான எண்ணிக்கை மிஞ்சியது.

தவளையின் காலில் அவ்வளவு கூட்டத்துக்கும் இடமிருந்தது என்றால், தசையின் கொள்ளளவு என்று நாம் சொல்வது எழுதிவைத்த எண் அல்ல. எவ்வளவு நெருக்கிக் கிளைக்க முடியும், எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்க முடியும் என்பதைப் பொறுத்து இளகக்கூடியது. கியூராரே செய்வதும் அதைத்தான் என்று படுகிறது. காலைப் பெரிதாக்காமல் காலுக்குள் இடத்தைப் பெரிதாக்குகிறது.

பிப்ரவரி 16, இரவு 11.55

மேலே "படுகிறது" என்றதைக் கவனிக்கவும். 9ஆம் தேதி இருந்த மிடுக்கு போய்விட்டது.

பிப்ரவரி 20, இரவு 8.10

"அந்த ஊட்டப்பொருள் என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) தானே, லெவி-மொந்தால்சினி அதற்குத்தானே நோபல் வாங்கினார்?" 1986, ஸ்டான்லி கோஹெனோடு. ஹாம்பர்கருக்குக் கொடுக்காமல் விட்டது பற்றி இன்றும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் என்ஜிஎஃப் உணர்வு நரம்புக்கும் பரிவு நரம்புக்கும் உயிர் கொடுப்பது, கருவின் மோட்டார் நியூரானை அது காப்பாற்றுவதில்லை.

மோட்டார் நியூரானுக்கென்று தேடியபோது ஒரு பொருள் கிடைக்கவில்லை, வரிசையாக வந்தன. 1992இல் பிடிஎன்எஃப், 1994இல் ஜிடிஎன்எஃப். கோழிக்கருவில் கொடுத்தால் சாவைக் குறைக்கின்றன. ஆனால் எலியில் எந்த ஒன்றின் மரபணுவை எடுத்தாலும் அதிகம் போனால் ஒரு பகுதிதான் சாகிறது. ஜிடிஎன்எஃப் இல்லாவிட்டால் 20 முதல் 30 விழுக்காடு. ஒரு நியூரான் கூட்டம் ஒன்றை நம்பி, இன்னொரு கூட்டம் வேறொன்றை நம்பி வாழ்கிறது.

சிஎன்டிஎஃப் என்ற இன்னொரு ஊட்டப்பொருளின் கதைதான் வேடிக்கை. பிறந்த எலிக்குட்டியின் முகநரம்பை வெட்டினால் அதன் மோட்டார் நியூரான்கள் செத்துவிடும் (வளர்ந்த எலியில் வெட்டினால் பெரும்பாலும் தாங்கும், அந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்). சிஎன்டிஎஃப் வைத்தால் குட்டியிலும் பிழைக்கின்றன, 1990. எல்லோரும் துள்ளினார்கள். பிறகு ஜப்பானில் பார்த்தால் நலமாக நடமாடுகிறவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை!

ஏஎல்எஸ் நோய்க்கு (வளர்ந்தவர்களில் மோட்டார் நியூரான்கள் சாகும் நோய்) இவற்றைக் கொடுக்கலாமே என்று கேட்டவருக்கு: 90களில் சிஎன்டிஎஃப், பிடிஎன்எஃப் இரண்டையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அசையாமல் இருந்தால் நரம்பு பிழைக்கும் என்று யாரும் இந்த இழையைப் படித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். முதலில் சொன்ன சோம்பேறி நகைச்சுவையை வாபஸ் வாங்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். கருவையே முடக்கினால் என்ன ஆகும் என்பது 1962இலேயே தெரியும்: டிராக்மனும் கூலோம்பரும் கோழிக்கருவுக்குக் கியூராரே செலுத்தி, மூட்டுகள் இறுகி, பாதம் கோணிய குஞ்சுகளைக் கண்டார்கள். நியூரான் கூடுதல், ஆனால் மடங்காத முழங்கால்.

பிப்ரவரி 21, காலை 7.00

பதிவு நீண்டதால் விட்டுப்போனது: தசை மட்டும் காப்பாளர் அல்ல. வழியில் நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் இல்லாத எலிகளில் (எர்ப்பி3 மரபணு எடுத்தவை, 1997) நரம்பு தசைவரை போய்விடுகிறது, அப்புறம் மோட்டார் நியூரான்களில் 79 விழுக்காடு சாகிறது. நான் தசையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24, இரவு 10.30

ஹார்மோனைப் பற்றிக் கேட்டவருக்காக ஒரு அருமையான எடுத்துக்காட்டு. எலியின் தண்டுவடத்தில், கீழ் இடுப்புப் பகுதியில், ஆண்குறியின் அடித்தசைக்குப் போகும் மோட்டார் நியூரான் தொகுதி ஒன்று உண்டு. வளர்ந்த ஆண் எலியில் சுமார் 200, பெண் எலியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. பிறப்பை ஒட்டிய நாட்கள்வரை இரண்டிலும் தசை இருக்கிறது, நியூரானும் இருக்கிறது. பெண்ணில் தசை தேய்கிறது, பின்னாலேயே நியூரான் சாகிறது. அந்த நாட்களில் பெண் குட்டிக்கு டெஸ்டோஸ்டீரான் கொடுத்தால் தசையும் நிற்கிறது, நியூரானும் நிற்கிறது. ஹார்மோன் நேராக நியூரானைக் காப்பாற்றுகிறதா என்று தேடினால், முதலில் காப்பாற்றுவது தசையை. தசை நின்றால் நரம்பு நிற்கிறது.

மார்ச் 3, இரவு 9.50

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "அக்கா, சாவையே தடுத்துவிட்டால் அந்த நியூரான்கள் என்ன செய்யும்?"

செய்துபார்த்திருக்கிறார்கள். பாக்ஸ் என்ற புரதம் இல்லாமல் இந்த நியூரான் தன்னைத்தானே முடித்துக்கொள்ள முடியாது. அது இல்லாத எலியில் மோட்டார் நியூரான் ஏறக்குறைய ஒன்றுகூடச் சாவதில்லை. தசையும் உண்டு, அசைவும் உண்டு. ஆனால் மிஞ்சிய அந்தக் கூடுதல் நியூரான்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சூம்பி, சின்னதாக, தசையில் பிடிமானம் இல்லாமல், தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கும். ஜிடிஎன்எஃப் கொடுத்தால் பருமன் கூடுகிறது. உயிரோடு இருப்பதும் ஊட்டம் பெறுவதும் தனித்தனி என்பது அங்கேதான் உறைத்தது. நாங்கள் எண்ணியபோது "பெரிய செல், வெளிறிய உட்கரு" என்று விதி வைத்தோமே, அந்த விதிப்படி இவை கணக்கிலேயே வராமல் போகலாம்.

அதனால் ஒரு பழைய சந்தேகம். கியூராரே ஸ்லைடில் நான் எண்ணாமல் ஒதுக்கிய சின்னச் செல்கள் எத்தனை? எண்ணியிருந்தால் ஆயிரத்து எழுநூறு இன்னும் ஏறியிருக்குமா?

மார்ச் 5, காலை 6.30

மனிதக் கருவில் எப்போது என்று கேட்டிருந்தார்கள், மறந்தேபோனேன். 11ஆம் வாரத்திலிருந்து 25ஆம் வாரத்துக்குள் மோட்டார் நியூரான் எண்ணிக்கை சுமார் 35 விழுக்காடு குறைவதாக ஃபோர்ஜர், பிரீட்லவ் இருவரும் 1987இல் எண்ணிச் சொன்னார்கள். தாய்க்கு முதல் உதை தெரியும் நாட்களும் இதற்குள்தான் வருகின்றன.

மார்ச் 9, இரவு 11.20

பரணில் தேடி நோட்டை எடுத்துவிட்டேன், ஸ்லைடு பெட்டி அந்த ஆய்வகத்திலேயே போய்விட்டது. முட்டை 7 பக்கம் அப்படியே இருக்கிறது. ஆறாம் நாள் 0, ஏழாம் நாள் 0, எட்டாம் நாள் 0, ஒன்பதாம் நாள் 2. அந்த 2ஐ நான் மறந்தே போயிருந்தேன். சொட்டு பாதி வெளியே வழிந்த நாள் போலிருக்கிறது. கீழே எண்ணிக்கை, அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "உப்புநீர்?" என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்த கோட்டுக்கு மேலே ஆசிரியரின் பச்சை மையில் ஒரே ஒரு சொல்: "கியூராரே."